டோன்வுட்: ‘ஒலிமரம்’ வேண்டாம், ‘இசைமரம்’ என்போம்

> ஒலி தரும் மரம் என்பதால் ‘ஒலிமரம்’ என்றே வைக்கலாமே?

நண்பர்களுக்கு வணக்கம்.

இசைக்கருவி செய்யும் மரத்தை ஆங்கிலத்தில் ‘டோன்வுட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நண்பர் ஒருவர் ‘ஒலிமரம்’ என்று சொன்னதுதான் மேலே இருப்பது. வீணைக்கு இந்தச் சொல் பொருந்தும். பலாக்கட்டையைக் குடைந்து செய்த குடம்தான் தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்குகிறது. எலெக்ட்ரிக் கிதாரில் பெரும்பாலும் குடமே இல்லை. கெட்டியான பலகை, மேலே எஃகுத் தந்தி, அதற்கடியில் காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அதுதான். மரத்தால் ஒலி எவ்வளவு மாறும் என்பது கிதார் செய்பவர்களிடையே இன்னும் தீராத வழக்கு. பெயரிலேயே அதற்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

‘கட்டை’ என்று இன்னொருவர் சொன்னது எனக்குப் பிடித்தது. ஆனால் பாடகர்களுக்கு அது ‘அஞ்சு கட்டை’ சுருதியாகிவிடும்.

என் பரிந்துரை ‘இசைமரம்’. இசைக்கான மரம் என்று விரிக்கலாம். வினைத்தொகையாக எடுத்தால் இசைந்துவரும் மரம், அதாவது வேலைக்கு ஒத்துவரும் மரம். எலெக்ட்ரிக் கிதாருக்கு மரம் தேடும்போது முதலில் பார்ப்பது இந்த இசைவைத்தான்: மணிக்கணக்கில் தோளில் மாட்டினால் கனக்குமா, காய்ந்தபின் முறுக்காமல் நிற்குமா, திருகாணி பிடிக்குமா, பாலிஷ் ஏறுமா.

சேலத்தில் இருக்கும் எனக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. எலெக்ட்ரிக் கிதாருக்கு வழக்கமாக எடுக்கும் வெளிநாட்டு மரங்களான ஆல்டரையும் ஆஷையும் இங்கே மரக்கடையில் கேட்டுப் பயனில்லை. அமெரிக்காவில் ஆஷ் மரத்தை அரிக்கும் வண்டும் மிசிசிப்பி வெள்ளமும் சேர்ந்து தட்டுப்பாடு வந்து, 2020இல் கிதார் செய்யும் ஃபெண்டர் நிறுவனமே தன் பெரும்பாலான கிதார்களில் அதை விட்டுவிட்டது. நமக்கோ பக்கத்திலேயே சில்வர் ஓக் இருக்கிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டு, மிளகுக்கொடி ஏற்றிய மரம். பூர்வீகம் ஆஸ்திரேலியா. ஆரவாட்டில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்தால் பலகையெங்கும் வெள்ளித் திட்டுகள் மின்னும், அவ்வளவு அழகு! அதன் தூள் மட்டும் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்; முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அப்புறம், ப்ளைவுட்டுக்கு வளர்க்கும் மலைவேம்பு இன்னும் இலகுவானது. கிதாரின் கழுத்தில் தந்தியை விரலால் அழுத்தும் விரல்பலகைக்கு ஈட்டி மரம் ஏற்கெனவே உலகெங்கும் போகிறது.

இவற்றை ‘மாற்று இசைமரங்கள்’ எனலாம். மரத்தில் ஓடும் வரிகளை ஆங்கிலத்தில் கிரெயின் என்கிறார்களே, அதற்கு ‘ரேகை’ போதுமா? உங்கள் ஊர் ஆசாரிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.