பழைய காரைக்குடிக் கதவை வாங்குவதா, புதுத் தேக்கில் செய்வதா?

புதுமனை:
மதுரைக்கு அருகே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதம் நிலை வைக்க நாள் பார்த்திருக்கிறோம். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில், மேலே கஜலட்சுமியும் பித்தளைக் குமிழ்களும் கொண்ட இரட்டைக் கதவைப் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. எங்கள் ஆசாரியோ, பழைய சாமான் வேண்டாம், பர்மா தேக்கில் இதேபோல் செதுக்கித் தருகிறேன் என்கிறார். தலைவாசல் மேற்குப் பார்த்தது; பிற்பகல் வெயிலும் சாரலும் நேரே அடிக்கும். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

இழைப்புளி:
வாங்குவதானால் நிலையோடு வாங்குங்கள். செட்டிநாட்டுப் பழைய கதவுகள் பலவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமி, நிலையிலுள்ள குழியில் நின்று சுழலும். கதவை மட்டும் கொண்டுவந்து புது நிலையில் கீல் வைத்து மாட்டினால், இத்தனை காலம் குடுமியில் உட்கார்ந்திருந்த பாரம் முழுவதும் திருகாணிகளில் தொங்கும். கதவு தொய்ந்து நிலைப்படியில் உரசத் தொடங்கிவிடும். சுவர் எழும்பும் முன்பே நிலையின் வெளி அளவை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள். சுவருக்கேற்ப நிலையை அறுக்க நேர்ந்தால் முதலில் பலியாவது அந்தக் கஜலட்சுமிப் பலகைதான்.

அடுத்தது மரம். வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது. ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதிதான் உளுக்கும். குடுமிக் குழியையும் நிலைக்கால்களின் அடியையும் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். முன்பக்கப் பளபளப்பை நம்ப வேண்டாம். மெருகேற்றாத பின்பக்கம் பொய் சொல்லாது.

புதிதாகச் செய்தாலும் 'பர்மா' என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது வரும் தேக்கில் நிறைய ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்ட மரம். அதுவும் மோசமில்லை, ஆனால் வெள்ளை அதிகம் இருக்கும். கன அடிக் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள்: 5-க்கு 4 அங்குலச் சட்டத்தில் ஏழடிக் கால்கள் இரண்டு, நான்கடிக் குறுக்குச் சட்டங்கள் இரண்டு என்றால் மொத்தம் 22 அடி, 5×4×22-ஐ 144-ஆல் வகுத்தால் மூன்று கன அடிக்குச் சற்றே கூடுதலாக வரும்.

திண்ணைவாசி:
நான் மெருகைப் பார்த்து ஏமாந்தவன். கதவு வந்து சேர்ந்த மூன்றாம் வாரம், காலையில் வாசல் பெருக்கும்போது நிலைப்படியில் கோதுமை மாவு போலப் பொடி கிடந்தது. துடைத்தோம், மறுநாளும் கிடந்தது.

சிற்றுளி:
மேற்கு வாசல் என்பதால் ஒரு சொல். கதவுக்கு மேல் குறைந்தது மூன்றடி நீட்டிச் சன்ஷேடு போடுங்கள். இல்லையென்றால் எந்த மரமானாலும் வெளுக்கும். வெயில் படும் மரத்தில் கெட்டியான வார்னிஷ் உரிந்துபோகும். ஆண்டுக்கொரு முறை ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. புதிதாகச் செய்தால், நடுப் பலகையைச் சட்டத்தின் காடியில், அதாவது உள்விளிம்பில் வெட்டிய பள்ளத்தில், பசையிடாமல் நிறுத்தச் சொல்லுங்கள். மழையில் விரியவும் கோடையில் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும், ஒட்டிவிட்டால் பிளக்கும். ஆழமான செதுக்கல் வேண்டுமென்றால் பூஜையறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரச் சிற்பங்களுக்குப் பேர்போன சேலம் மாவட்டம் தம்மம்பட்டிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். அங்கே கையால் செதுக்கியதில் உளித்தடம் தெரியும், எந்திரத்தில் வெட்டியதில் இடது யாளியும் வலது யாளியும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல இருக்கும்.

புதுமனை:
நன்றி. நேற்றுப் போய்க் குத்திப் பார்த்தேன். கதவுகளும் வலது காலும் உறுதியாக இருக்கின்றன. இடது காலின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கத்தி சோற்றில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் பழந்தேக்கிலேயே ஒட்டு வைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். குடுமிக் குழி அதற்குக் கீழே வருகிறதே, ஒட்டுக்கால் அந்தப் பாரத்தைத் தாங்குமா?

இழைப்புளி:
தாங்காது. இடது காலை முழுதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்து வாங்கி, உங்கள் ஆசாரியிடமே அந்தக் காலைச் செய்யக் கொடுங்கள்.