ரேஸ் சிமுலேட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

நாகர்கோவிலிலிருந்து:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ரேஸ் கார் பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பந்தய அணிகள் அறைக்குள்ளேயே கார் ஓட்டிப் பழகும் டிரைவிங் சிமுலேட்டருக்கு என்ன எழுத? 'ஒப்புருவாக்கி' பிள்ளைகள் வாயில் நுழையாது.

தக்கலையிலிருந்து:
'ஓட்டப்பாவிப்பான்'. பாவை, பாவனை, பாவிப்பு எல்லாம் ஒரே குடும்பம். நம்ம மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தை நினைத்துப் பாருங்க.

மார்த்தாண்டத்திலிருந்து:
பாவனை வடசொல் அண்ணாச்சி, கூத்தில் வருகிற பாவை வேறு. அதுவும் போக, பையன்கள் 'பாவி'யோடு நிறுத்திவிடுவார்கள்.

அதங்கோட்டிலிருந்து:
தொல்காப்பியம் அரங்கேறியது எங்க ஊர் ஆசான் முன்னால் என்ற உரிமையில் சொல்கிறேன். அதில் உவமம் வினை, பயன், மெய், உரு என நான்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உவமச் சொற்கள். 'ஒப்ப' உருவுக்கு, அதாவது நிறத்துக்கு. 'நிகர்ப்ப' மெய்க்கு, வடிவுக்கு. வினைக்கு உரியது 'மான'. சிமுலேட்டர் காரைப் போல இருக்கவேண்டியதில்லை, காரைப் போல நடக்கவேண்டும். ஆகவே 'ஓட்டுமானி'.

மார்த்தாண்டத்திலிருந்து:
வெப்பமானி, அழுத்தமானி படித்த பையன் அதை ஸ்பீடோமீட்டர் என்பான்.

அதங்கோட்டிலிருந்து:
அந்த மானி அளவு என்ற மானத்திலிருந்து வந்தது. இது வேறு.

குளச்சலிலிருந்து:
முதலில் சிமுலேட்டரில் ஓட்டுநர் உட்காரும் மேடை என்ன செய்கிறது என்று பாருங்க. ஃபார்முலா 1 காரில் பிரேக்கை அழுத்தினால் 5ஜி அளவுக்கு, அதாவது உடம்பு எடையைப் போல ஐந்து மடங்கு இழுக்கும். ஆறு கால் மேடைக்கு அறைக்குள் நகரக் கிடைப்பது கொஞ்ச இடம். அதனால் முதலில் ஓர் உலுக்கு, அப்புறம் உடம்புக்குத் தெரியாத மெதுவில் பழைய இடத்துக்குத் திரும்பல். கூடவே மேடை முன்பக்கம் சாயும். பெல்ட்டில் விழும் சொந்த எடையையே ஓட்டுநர் பிரேக் இழுப்பாக உணர்வார். திரையும் மேடையும் ஒன்றுக்கொன்று பிந்தினால் குமட்டும். அதைவிடக் கேடு, கார் வழுக்கத் தொடங்குவது கைக்குத் தாமதமாகத் தெரிவது. அப்படிப் பழகிய கை தடத்தில் உதவாது. 2009இல் பந்தயப் பருவத்துக்கு நடுவே சோதனை ஓட்டத்துக்குத் தடை வந்தபின் அணிகள் இதை இன்னும் அதிகமாக நம்புகின்றன. லேசரால் அளந்த தடத்தின் மேடுபள்ளம், டயர் சூடாவது, தேய்வது எல்லாம் உள்ளே கணக்காக ஓடும். ஆளை ஏமாற்றத் தெரிந்த எந்திரம் இது. 'மாய ஓட்டி' போதும்.

தக்கலையிலிருந்து:
பேய்ப்படப் பெயர் மாதிரி இருக்கு மக்களே. ஓட்டி என்றால் ஓட்டுகிற ஆள் அல்லவா?

நாகர்கோவிலிலிருந்து:
சரி, அச்சகத்திலிருந்து இரண்டாம் முறையும் கூப்பிட்டுவிட்டார்கள். 'மெய்நிகர்' (விர்ச்சுவல்) பிள்ளைகளுக்குப் பழக்கம் என்பதால் 'ஓட்டுநிகரி' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே சிமுலேட்டர். மூன்று பேர் சரி என்று தனியாக எழுதியிருக்கிறார்கள்.

அதங்கோட்டிலிருந்து:
நிகர்ப்ப மெய்யுவமந்தான். அச்சேறட்டும், நான் ஒப்பவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.