ரெட் ஒயினை ரசிக்கக் கத்துக்கணுமா, பிடிச்சதைக் குடிச்சா போதாதா?

திராட்சைக்கொடி:
"எல்லா ரெட் ஒயினும் ஒரே துவர்ப்பு, இதில் ரசிக்க என்ன இருக்கு?" என்று இங்கே ஒரு நண்பர் கேட்டிருந்தார். எப்போதாவது குடிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸ் வையுங்கள். ஒன்றில் பினோ நுவார், இன்னொன்றில் கேபர்னே சாவினோன், இரண்டும் திராட்சை ரகத்தின் பெயரிலேயே வரும் ரெட் ஒயின்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். பினோவின் நிறம் வெளிறியிருக்கும், கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். வாயில் மெல்ல இறங்கும். கேபர்னே அப்படியில்லை, ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் காய்ந்து இழுத்துப் பிடிக்கும். தனித்தனி நாளில் குடித்தால் இது பிடிபடாது.

நேர்பேச்சு:
எனக்கு இதுல உடன்பாடில்லை நண்பரே. புதுசா வர்றவங்களை இந்த மாதிரி பாடம்தான் விரட்டுது. 2001-ல வெளியான, பிரான்ஸின் போர்தோவுல நடந்த ஆய்வைப் பாருங்க. ஒயின் படிக்கிற 54 மாணவர்கள்கிட்ட வெள்ளை ஒயின்ல மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தாங்க. ரெட் ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளாலேயே அதையும் வர்ணிச்சாங்க. படிக்கிறவங்களுக்கே இந்த நிலைமைன்னா, சாதாரணமா குடிக்கிறவர் எதுக்கு அலட்டிக்கணும்? பிடிச்சா குடிங்க, பிடிக்கலைன்னா விடுங்க.

திராட்சைக்கொடி:
அந்த ஆய்வு வாசனை வர்ணனையைப் பற்றியது. கண் மூக்கை ஏமாற்றும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நான் சொன்னது துவர்ப்பு. கருப்புத் திராட்சையின் சாறும் பெரும்பாலும் நிறமற்றது. ரெட் ஒயினில் தோலும் விதையும் சாறோடு ஊறி நொதிக்கின்றன, நிறமும், துவர்ப்பைத் தரும் டானினும் அங்கிருந்துதான் வருகின்றன. அது வாயில் தொட்டு உணரும் விஷயம். அதை உணரப் பட்டம் எதுவும் தேவையில்லை.

அமுதா_கே:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சிரா (ஷிராஸ் என்பதும் அதே திராட்சைதான்) பற்றிப் பேசும்போது எல்லோரும் "மிளகு வாசம்" என்பார்கள். அது கற்பனை இல்லை. ரோட்டன்டோன் என்ற சேர்மம்தான் காரணம், மிளகிலும் அதே சேர்மம் இருக்கிறது. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். சோதித்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, சோதித்ததிலேயே மிக அதிக அளவிலும் அந்த வாசனை தெரியவேயில்லை. எனக்கு மிளகு தெரியவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேர்பேச்சு:
அமுதா மேடம் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். மூக்கு ஆளுக்கு ஆள் வேற. அப்போ யாரோ எழுதின வர்ணனையை வெச்சு நான் ஏன் என் ரசனையை அளக்கணும்? இன்னொண்ணு, சிலியில மெர்லோ திராட்சைன்னு நம்பி வளர்த்த கொடிகள்ல நிறைய கார்மெனேர்ங்கிற வேற ரகம்னு 1994-லதான் தெரிஞ்சுது. அத்தனை வருஷமும் அதை மெர்லோன்னே குடிச்சவங்க ரசிக்காமலா இருந்தாங்க?

திராட்சைக்கொடி:
நல்ல உதாரணம் எடுத்தீர்கள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கார்மெனேர் மெர்லோவைவிடத் தாமதமாகப் பழுக்கும். இரண்டையும் ஒன்றாகப் பறித்தபோது, சரியாகப் பழுக்காத கார்மெனேரின் பச்சை வாடை ஒயினில் ஏறியது. எது எதுவென்று தெரிந்தபிறகு அதைத் தனியாகப் பழுக்கவிட்டார்கள், இன்று அதற்கென்றே தேடி வாங்குகிறார்கள். தெரிந்துகொண்டதால் ரசனை கூடியதா, குறைந்ததா?

நேர்பேச்சு:
அது கொடி வளர்க்கிறவருக்கு வேண்டிய அறிவு. குடிக்கிறவருக்கு இல்லை.

அமுதா_கே:
குடிக்கிறவருக்கு வேண்டியது ஒன்று சொல்கிறேன், இதில் இருவரும் சண்டை போட மாட்டீர்கள். "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்ற பழைய விதியை நம்பி 28, 30 டிகிரியில் ஊற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறி, பழவாசம் அமுங்கிவிடும். 16 முதல் 18 டிகிரிதான் சரி. கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். பினோ, காமே மாதிரி லேசானவற்றுக்கு இன்னும் குளிர்ச்சி தாங்கும். ரொம்பக் குளிர்ந்தால் டானின் கசப்பாகத் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்பேச்சு:
இதை ஒத்துக்கிறேன். இதுக்கு வார்த்தை எதுவும் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

திராட்சைக்கொடி:
நானும் வார்த்தை கேட்கவில்லையே, இரண்டு கிளாஸ்தானே கேட்டேன்? கேபர்னே கடினமாக இருந்தால் அந்த இடத்தில் மால்பெக் வையுங்கள். நிறம் ஆழமாக இருக்கும், ஆனால் துவர்ப்பு அவ்வளவு முறுக்காது. எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று இங்கேயே எழுதுங்கள் நேர்பேச்சு.