சொகுசுக் கூடாரத்தில் தங்கியவர்கள் எழுதுங்கள்: இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

கல்லிடைப் பேத்தி:
கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் போட்டிருக்கும் சொகுசுக் கூடாரம் ஒன்றில் சென்ற ஐப்பசியில் குடும்பத்தோடு தங்கினோம். மரப்பலகை மேடை, ஏசி, குளியல் தொட்டி, படுக்கைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டிய பத்தமடைப் பாய் என எல்லாம் படத்தில் கண்டபடியே இருந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மறுநாள் காலை ‘நடவு அனுபவம்’ என்று சொல்லி எங்களை ஒரு துண்டு வயலுக்கு அழைத்துச் சென்றார்கள். அறுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் நாற்று முடியை அவிழ்த்து, மூன்று விரல்களால் பிடித்துச் சேற்றில் எப்படி ஊன்ற வேண்டும் என்று காட்டினார். பிள்ளைகள் நட்டார்கள், பெரியவர்கள் படம் எடுத்தார்கள். மேலாளர் சொன்னவுடன் ஆச்சி குலவையும் போட்டார். எங்கள் பக்கத்தில் நடவு வயலில் குலவை போட்டால் வரப்பில் நிற்பவர் காசு கொடுப்பது வழக்கம். இங்கே விருந்தினர்கள் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னைப் பார்த்து, “நீ எந்தத் தெரு பிள்ள?” என்று கேட்டார். தாத்தாவின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து வெகுநேரம் பேசினார். இந்தப் பயிர் எப்போது அறுப்புக்கு வரும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “இது எங்க வெளையப் போவுது? சாயந்திரம் பிடுங்கிக் கெட்டி வச்சிருவோம். நாளைக்கு வாரவுங்களுக்கு வேணும்லா” என்றார். வேர் அறுந்து அறுந்து நடப்படும் நாற்று தூர் கட்டிக் கிளைக்காது என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ராதாபுரத்து மருமகள்:
என்னுடையது ஆடி மாதத்துக் கதை. தேரிச் செம்மணலில் பனங்காட்டுக்குள் போட்ட கூடாரம். பணகுடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே தொங்கிய சரவிளக்கு இரவெல்லாம் ஊசலாடியது, துணிச் சுவர் உப்பி உப்பி அடங்கியது. நள்ளிரவுக்குப் பிறகு வெளியே ‘டொக், டொக்’ என்று சம்மட்டி அடிக்கும் ஓசை கேட்டுக் கதவுத் துணியை விலக்கினேன். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் கூடாரத்து மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். காற்று முளையைப் பெயர்க்கும்போதெல்லாம் அடித்து இறக்குவதுதான் அவனுடைய இரவு வேலை. “நீங்க படுங்க அக்கா, நான் பாத்துக்கிடுதேன்” என்றான். என் கணவர் உறங்கிவிட்டார். நான் ஒவ்வோர் அடியையும் கேட்டுக்கொண்டு விடியும்வரை படுத்திருந்தேன்.

நாங்குநேரியான்:
முதலில் எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நடவு இயந்திரம் வந்த பிறகு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நடவு வேலையே அருகிவிட்டது. அந்த ஆச்சி காலையில் சற்று நேரம் குனிந்து கூலி வாங்கிப் போகிறார் என்றால் அதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது? நாற்று விளைந்தால் என்ன, விளையாவிட்டால் என்ன, அவருக்கு அடுப்பு எரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நானும் இப்படி ஓரிடத்தில் தங்கினேன். பதநீரைக் கண்ணாடிக் கோப்பையில் உறிஞ்சுகுழல் போட்டுக் கொண்டுவந்த தம்பி, நான் பனையோலைப் பட்டையில் கேட்டதும் மகிழ்ந்துபோய் ஓலை வெட்டி வந்தான், பனையேறியின் மகனாம். அந்த வேலை இல்லையென்றால் திருப்பூருக்குப் போயிருப்பேன் என்று அவனே சொன்னான்.

வீ.கே.புரம் அண்ணாச்சி:
எங்கள் கூடாரத்தில் குரங்குகள் பழத்தட்டைத் தூக்கிச் சென்றன. அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் போகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயும் ஆரியங்காவுக் கணவாயும் தென்மேற்குக் காற்றைப் பிடித்து நம் நெல்லைப் பக்கம் தள்ளுகின்றன. பணகுடியிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகளை நட்டிருப்பதற்குக் காரணமே அதுதான். அந்த மாதங்களில் துணி வீட்டில் தங்க நினைப்பவர்கள் மறைவாக மலையோ தோப்போ இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எங்கெல்லாம் ஏறியது என்பதைப் பார்த்தவர்கள் ஆற்றங்கரைக் கூடாரத்தை அந்தப் பருவத்தில் எடுக்கமாட்டார்கள். சித்திரை, வைகாசியில் ஏசி எவ்வளவு ஓடினாலும் துணிக்கூரை வழியே வெயில் இறங்கும். ஆகவே தையும் மாசியும்தான் உகந்தவை: பிசான நெல் அறுப்புக்கு வரும், விடியலில் பனி இருக்கும், கூந்தன்குளத்தில் பறவைகளும் இருக்கும். மலையடிவாரத்தில் தங்கினால் தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் கரடி இறங்குவது புதிதல்ல, துணிச் சுவர் அதற்கு ஒரு தடையே அல்ல. காப்பகத்துக்குள் அழைத்துச் செல்வதாகச் சொன்னால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மின்தடை வந்தால் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லிடைப் பேத்தி:
அண்ணாச்சி, நான் காற்றைப் பற்றியோ மழையைப் பற்றியோ கேட்கவில்லை. நாங்கள் தங்கிய நாட்களில் தூறல்கூட விழவில்லை. நாங்குநேரி அண்ணனுக்கு: கூலி குறைவு என்றோ வேலை இழிவு என்றோ நான் எழுதவில்லை. ஆச்சிக்கு அந்த வருமானம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஓட்டல்காரர்கள் அந்தத் துண்டு வயலை அறுப்புவரை விட்டுவிட்டு, அடுத்து வருகிறவர்களுக்குப் பக்கத்து வயலைக் காட்டினால் அவருடைய கூலி ஒரு ரூபாயாவது குறையுமா என்பதுதான் என் கேள்வி. அங்கே சுற்றிலும் வயலுக்குப் பஞ்சமில்லை.