[உதவி] 2 ஜிபி ராம் டேப்லெட்: எந்த லினக்ஸ் பென்டிரைவையும் பூட் மெனு கண்டுகொள்ளவே மாட்டேங்குது

கீபோர்டுராசா:
வணக்கம். கீபோர்டைக் கழற்றி மாட்டும் 2-இன்-1 ஒன்று கையில் இருக்கிறது. இன்டெல் ஆட்டம் இஸட்3735எஃப், 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ், தொடுதிரை, ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி போர்ட். வரும்போதே 32-பிட் விண்டோஸ் இருந்தது, இப்போது விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால் லினக்ஸுக்கு மாறப் பார்க்கிறேன்.

உபுண்டு, லுபுண்டு, குபுண்டு மூன்றையும் ரூஃபஸ் என்ற பென்டிரைவ் எழுதும் கருவியில் எழுதிப் பார்த்தாயிற்று. செக்யூர் பூட் அணைத்தாயிற்று. ஆனாலும் பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' மட்டும்தான் தெரிகிறது. அதே பென்டிரைவ் வேறு லேப்டாப்பில் ஒழுங்காகப் பூட் ஆகிறது. ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் கோப்பு) கோளாறா, ஹார்டுவேர் கோளாறா? அப்படியே, 2 ஜிபிக்கு எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) நல்லது என்றும் சொல்லுங்கள். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

டக்ஸ்ரசிகன்:
32-பிட் விண்டோஸ் வந்திருக்குன்னா சிபியூவே 32-பிட் ப்ரோ. 32-பிட் டிஸ்ட்ரோ ஏதாவது இறக்கிப் போடுங்க, வேலை முடிஞ்சுது.

மூன்றாம்டெர்மினல்:
இல்லை. இஸட்3735எஃப் 64-பிட் சிபியூதான். 32-பிட்டாக இருப்பது டேப்லெட்டின் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடி ஓஎஸ்ஸை ஏற்றும் மென்பொருள்). இன்டெலின் பே ட்ரெயில் சிப் தலைமுறையில் மலிவு விலைக்கு வந்த டேப்லெட்டுகள் பலவும் இப்படித்தான். ராமும் ஸ்டோரேஜும் குறைவு என்பதால் 32-பிட் விண்டோஸை ஏற்றினார்கள், அதற்குத் தோதாக ஃபர்ம்வேரையும் 32-பிட்டிலேயே வைத்துவிட்டார்கள்.

உறுதிப்படுத்துவது எளிது. விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 திறங்கள். 'பயாஸ் மோட்' என்ற இடத்தில் யூஇஎஃப்ஐ என்றும், 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் எக்ஸ்86 என்றும் இருந்தால் ஃபர்ம்வேர் 32-பிட்தான். யூஇஎஃப்ஐ மோடில் விண்டோஸின் பிட்டும் ஃபர்ம்வேரின் பிட்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை.

பென்டிரைவ் தெரியாததற்குக் காரணம் இதுதான்: யூஇஎஃப்ஐ பென்டிரைவைப் பார்த்ததும் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் இருக்கும் பூட் ஃபோல்டரில் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். 64-பிட் ஃபர்ம்வேர் தேடுவது பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ. 32-பிட் ஃபர்ம்வேர் தேடுவது பூட்ஐஏ32.இஎஃப்ஐ. உபுண்டு ஐஎஸ்ஓவில் முதலாவது மட்டும்தான் உண்டு. கோப்பு கிடைக்காவிட்டால் எர்ரர்கூட வராது, அந்த டிரைவே இல்லாததுபோல மெனு நடந்துகொள்ளும். நீங்கள் முயன்ற மூன்றும் பெயரிலும் டெஸ்க்டாப்பிலும்தான் வேறு. பூட் ஆகும் பகுதி மூன்றிலும் ஒன்றே, எனவே முடிவும் ஒன்றே.

எந்த டிஸ்ட்ரோவாக இருந்தாலும் எழுதுவதற்கு முன் ஐஎஸ்ஓவை 7-ஜிப்பில் திறந்து அந்த ஃபோல்டரைப் பாருங்கள். பூட்ஐஏ32 இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் நேரத்தை வீணாக்க வேண்டாம். சில ஐஎஸ்ஓக்களில் அந்த ஃபோல்டர் வெளியே தெரியாது. பூட் ஃபோல்டரில், க்ரப் ஃபோல்டருக்குள் இருக்கும் இஎஃப்ஐ.ஐஎம்ஜி என்ற கோப்பைத் திறந்தால் உள்ளே இருக்கும்.

டக்ஸ்ரசிகன்:
சரி, சிபியூ விஷயம் ஏத்துக்கிறேன். ஆனா 32-பிட் டிஸ்ட்ரோ போட்டா இந்த ஃபர்ம்வேரில் பூட் ஆகுமே? ராமும் கொஞ்சம் மிச்சமாகும்.

மூன்றாம்டெர்மினல்:
பூட் ஆகும், ராமும் மிச்சமாகும். ஆனால் அந்தப் பாதை மூடிக்கொண்டு வருகிறது. உபுண்டு குடும்பத்தில் 18.10-க்குப் பிறகு 32-பிட் ஐஎஸ்ஓ கிடையாது. ஆர்ச் 2017-இலும் ஃபெடோரா 2019-இலும் நிறுத்திவிட்டன. டெபியன் 13-க்கு 32-பிட் இன்ஸ்டாலரே இல்லை. ஆன்டிஎக்ஸ், வாய்டு போன்ற சில இன்னும் தருகின்றன. ஆனால் பிரவுசர் கிடைக்க வேண்டுமே? 32-பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-லேயே போயிற்று, ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. நிஜமான 32-பிட் சிபியூ வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. 64-பிட் சிபியூவை வைத்துக்கொண்டு அங்கே போவானேன்?

இதற்கு முறையான தீர்வு, 32-பிட் ஃபர்ம்வேரிலிருந்து 64-பிட் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) ஏற்றுவது. கெர்னலில் இந்த வசதி 3.15-இலிருந்தே இருக்கிறது. டெபியனின் 64-பிட் இன்ஸ்டாலர் 12-ஆம் பதிப்பிலிருந்து இதை நேரடியாக ஆதரிக்கிறது. அதற்கு முன்பு மல்டி-ஆர்ச் என்று தனி ஐஎஸ்ஓ தேட வேண்டியிருந்தது.

நள்ளிரவுரூட்:
உபுண்டு பென்டிரைவிலேயே பூட்ஐஏ32 கோப்பைக் கொண்டுபோய் ஒட்டும் வழி இணையம் முழுக்க உலவுகிறது. அதில் இறங்குபவர்கள் மாட்டுவது இரண்டு இடங்களில். ரூஃபஸின் டிடி மோடில் (ஐஎஸ்ஓவை அப்படியே பிரதியெடுக்கும் முறை) எழுதினால் பென்டிரைவ் படிக்க மட்டும் என்றாகிவிடும், கோப்பை ஒட்டவே முடியாது. ஐஎஸ்ஓ மோடில் ஃபேட்32-ஆக எழுதி, ஒட்டி, லைவ் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) வரை போய்விடலாம். ஆனால் இன்ஸ்டாலர் கடைசியில் 64-பிட் க்ரப்பை (லினக்ஸை ஏற்றும் பூட்லோடரை) நிறுவிவிட்டுப் போய்விடும், ரீஸ்டார்ட் செய்தால் பழைய கதைதான். க்ரப்-இஎஃப்ஐ-ஐஏ32 பேக்கேஜைக் கையால் போட்டுச் சரிசெய்ய வேண்டும். செய்ய முடியாததல்ல, ஆனால் டெபியன் இன்ஸ்டாலர் தானாகச் செய்யும் வேலைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

கீபோர்டுராசா:
பார்த்தேன், எக்ஸ்86 என்றுதான் இருக்கிறது. டெபியன் 13 நெட்இன்ஸ்ட் (மீதியை நெட்டிலிருந்து இறக்கும் சிறிய இன்ஸ்டாலர்) ஐஎஸ்ஓவில் பூட்ஐஏ32 கோப்பும் இருக்கிறது. விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டே போடலாமா? ஏதாவது எடுத்து வைக்க வேண்டுமா?

நள்ளிரவுரூட்:
ஒன்று கட்டாயம். தொடுதிரையில் சைலீட் சிப் இருந்தால், ஒவ்வொரு மாடலுக்கும் தனி ஃபர்ம்வேர் கோப்பு (அந்தச் சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) வேண்டும். அது விண்டோஸ் டிரைவருக்குள்தான் இருக்கும். சிஸ்டம்32-க்குள் இருக்கும் டிரைவர்ஸ்டோர் ஃபோல்டரை அப்படியே எஸ்டி கார்டில் நகலெடுத்து வையுங்கள். அழித்தபின் தேடி அலைவது பெரும்பாடு.

மற்றபடி இரட்டை பூட் வேண்டாம். 32 ஜிபியில் இரண்டும் மூச்சு முட்டும்.

மூன்றாம்டெர்மினல்:
நிறுவும் வரிசை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

சார்ஜுக்கும் யூஎஸ்பிக்கும் ஒரே போர்ட் என்பதால் முதலில் பேட்டரியை முழுக்க ஏற்றுங்கள். ஓடிஜி ஹப் ஒன்று வேண்டும். அதில் பென்டிரைவ், கீபோர்டு, நெட்டுக்கு போன். வைஃபை இன்ஸ்டாலரில் வந்தாலும் வரும், வராமலும் போகும். அதனால் போனில் யூஎஸ்பி டெதரிங் போட்டுவிடுங்கள், சாதாரண ஈதர்நெட்போலத் தெரியும்.

இன்ஸ்டாலரில் கவனிக்க வேண்டியவை மூன்றுதான். ரூட் பாஸ்வேர்டு கேட்கும்போது காலியாக விட்டு நகருங்கள். ஏதாவது கொடுத்தால் உங்கள் கணக்குக்கு சூடோ (நிர்வாகி) உரிமை கிடைக்காது, பிறகு 'சூடோ வேலை செய்யவில்லை' என்று தனி இழை திறக்க வேண்டியிருக்கும். டிஸ்க் பிரிக்கும் இடத்தில் எம்எம்சிபிஎல்கே0 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பெயரோடு பூட்0, பூட்1 என்று சிறியவை தெரிந்தால் தொடவே வேண்டாம், அவை இஎம்எம்சியின் தனிப் பகுதிகள். கையால் பிரிப்பதென்றால் 512 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன், மீதி முழுக்க எக்ஸ்ட்4. ஸ்வாப் பார்ட்டிஷன் (ராம் போதாதபோது பயன்படும் டிஸ்க் பகுதி) வேண்டாம், அதற்குப் பதில் இசட்ராம் (ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) போடலாம். கடைசியாக டெஸ்க்டாப் பட்டியலில் க்னோமின் டிக்கை எடுத்துவிட்டு, கனம் குறைந்த எல்எக்ஸ்க்யூடிக்குப் போடுங்கள்.

எந்த டிஸ்ட்ரோ என்ற கேள்விக்கு: 2 ஜிபி மெஷினில் டிஸ்ட்ரோவின் பெயரை விட டெஸ்க்டாப்பும் பிரவுசரும்தான் ராமைத் தின்னும். டெபியனில் எல்எக்ஸ்க்யூடி போட்டாலும் ஆர்ச்சில் எல்எக்ஸ்க்யூடி போட்டாலும் காலி ராமில் பெரிய வித்தியாசம் தெரியாது. மாறுவது பேக்கேஜ் மேனேஜர், புதுப் பதிப்பு வரும் வேகம், எத்தனை வருடம் தொந்தரவில்லாமல் ஓடும் என்பவை. டெபியனில் ஆப்ட், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன், ஓபன்சூசேயில் ஸிப்பர். டெபியன் ஒரு பதிப்புக்கு மூன்று வருட ஆதரவும் மேலே இரண்டு வருட எல்டிஎஸ்ஸும் (நீண்டகால ஆதரவு) தருகிறது. ஆர்ச்சில் பதிப்பே கிடையாது, அப்டேட் வந்துகொண்டே இருக்கும். 32 ஜிபி இஎம்எம்சியில் அது வீண் எழுத்து வேலை. ஆல்பைன் மிகச் சிறியதுதான், ஆனால் க்லிப்சி என்ற சி லைப்ரரிக்குப் பதில் மஸ்ல் என்பதால் வெளியிலிருந்து இறக்கும் பைனரி பல ஓடாது. ஃப்ரீபிஎஸ்டி போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள்: இந்த வகை டேப்லெட்டில் வைஃபை எஸ்டிஐஓ (எஸ்டி கார்டு வகை இணைப்பு) வழியாக வருகிறது, அதற்கு அங்கே டிரைவர் இல்லை.

கீபோர்டுராசா:
இன்ஸ்டால் எர்ரர் இல்லாமல் முடிந்தது. ஆனால் ரீஸ்டார்ட் ஆனதும் டெபியன் வரவில்லை, நேராக ஃபர்ம்வேர் செட்டப் பக்கத்துக்குள் போய் நிற்கிறது. பூட் பட்டியல் காலி.

மூன்றாம்டெர்மினல்:
எதிர்பார்த்ததுதான். இப்படிப்பட்ட ஃபர்ம்வேர் பலவும் என்விராமில் (ஃபர்ம்வேரின் சொந்த நினைவகத்தில்) எழுதிய பூட் பதிவை மறந்துவிடும். விண்டோஸின் பாதையையும், பூட் ஃபோல்டரின் பொதுப் பெயரையும் மட்டும் தேடும். க்ரப் இப்போது டெபியன் என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது, ஃபர்ம்வேர் அங்கே எட்டிப் பார்க்காது.

அதே பென்டிரைவில் பூட் செய்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெஸ்க்யூ மோட் எடுங்கள். மொழி, நெட் எல்லாம் வழக்கம்போலக் கேட்கும். ரூட் பார்ட்டிஷன் கேட்கும்போது எம்எம்சிபிஎல்கே0பி2 கொடுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தனியாக மவுன்ட் செய்யவா என்று கேட்டால் சரி. பிறகு வரும் மெனுவில், க்ரப்பை 'ரிமூவபிள் மீடியா பாத்'தில் கட்டாயமாக நிறுவும் வரி ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். க்ரப்பின் பிரதி ஒன்று பூட்ஐஏ32 என்ற பெயரில் போய் உட்காரும்.

உள்ளே போனதும் ஒரு முறை சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் க்ரப்-இஎஃப்ஐ-ஐஏ32 ஓட்டி, ரிமூவபிள் பாத் பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று இருப்பதை உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் க்ரப் அப்டேட் ஆகும்போது பிரதி பழையதாகவே தங்கி, திடீரென்று ஒருநாள் பூட் நிற்கும்.

கீபோர்டுராசா:
டெபியன் வந்துவிட்டது! மூன்று தொல்லை மிச்சம்: வைஃபை சில நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. தொடுதிரை அசையவில்லை. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் மொத்தமும் உறைகிறது.

நள்ளிரவுரூட்:
வைஃபை: எல்எஸ்மாட் கட்டளையில் ஆர்8723பிஎஸ் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது ரியல்டெக் எஸ்டிஐஓ சிப், பவர் சேவிங்தான் வில்லன். இடிசி ஃபோல்டரில் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி. அங்கே ஒரு புதுக் கோப்பு. முதல் வரி சதுர அடைப்பில் கனெக்‌ஷன், அடுத்த வரி வைஃபை.பவர்சேவ்=2. இங்கே 2 என்றால் அணை என்று பொருள், 3 என்றால் இயக்கு. ஆன் பண்ண 2 என்று நினைத்துக் குழம்பாதீர்கள். கோப்பின் பெயர் .கான்ஃப் என்று முடியாவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் அதைப் படிக்காது.

தொடுதிரை: சூடோ டிமெசேஜ் (dmesg) ஓட்டி சைலீட் என்று தேடுங்கள். ஃபர்ம்வேர் ரிக்வெஸ்ட் எர்ரர் -2 என்று வந்தால் கோப்பு இல்லை என்று அர்த்தம். டிரைவர்ஸ்டோர் நகலில் இருக்கும் கோப்பை அப்படியே போட்டால் போதாது, லினக்ஸ் டிரைவர் கேட்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அந்த எர்ரர் வரியையும் மாடல் எண்ணையும் இங்கே ஒட்டுங்கள், அடுத்த படியைப் பார்ப்போம்.

மூன்றாம்டெர்மினல்:
உறைவது இரண்டு காரணத்தால் இருக்கலாம், முதலில் பிரித்தறியுங்கள். டேப் திறக்கத் திறக்க மந்தமாகி உறைந்தால் ராம் பற்றாக்குறை. மவுஸ் பாயிண்டரே ஒரே நொடியில் கல்லாகி, கேப்ஸ் லாக் விளக்கும் மாறாவிட்டால் வேறு கதை.

ராம் என்றால் இசட்ராம்-டூல்ஸ் போடுங்கள். இடிசி, டிஃபால்ட் ஃபோல்டரில் இசட்ராம்ஸ்வாப் கோப்பில் ஆல்கோ=இசட்எஸ்டிடி, பெர்சன்ட்=50. சேவையை ரீஸ்டார்ட் செய்தபின் ஸ்வாப்ஆன் --ஷோ கட்டளையில் இசட்ராம்0 கிட்டத்தட்ட 1 ஜிபியாகத் தெரிய வேண்டும். விஎம்.ஸ்வாப்பினஸ் 100 வரை ஏற்றலாம், டிஸ்க்கைத் தொடாத ஸ்வாப் என்பதால் பயமில்லை. கூடவே எர்லிஊம் பேக்கேஜ். ராம் தீர்ந்துபோவதற்குள் பெரிய புரோகிராமைக் கொன்றுவிடும், மொத்த மெஷினும் உறைவதை விட ஒரு டேப் போவது மேல்.

கல்லாகும் ரகம் என்றால் பே ட்ரெயிலின் பழைய சி-ஸ்டேட் (சிபியூவின் தூக்க நிலை) கோளாறு. பழைய கெர்னல்களில் பெரிய தலைவலியாக இருந்தது, இப்போதைய கெர்னல்களில் பெரும்பாலும் தேவைப்படாது. வந்தால் மட்டும் இடிசி, டிஃபால்ட்டில் க்ரப் கோப்பைத் திறந்து க்வைட் என்ற சொல்லுக்கு அடுத்து இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 சேர்த்து, சூடோ அப்டேட்-க்ரப். பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் முன்னெச்சரிக்கையாகப் போட்டு வைக்க வேண்டாம்.

கீபோர்டுராசா:
மந்தமாகி உறையும் ரகம்தான். இசட்ராம் போட்டபின் எட்டு டேப் தாங்குகிறது. வைஃபையும் அறுபடவில்லை. டிமெசேஜில் நீங்கள் சொன்ன அதே எர்ரர் -2, கேட்கும் கோப்பு எம்எஸ்எஸ்எல்1680.எஃப்டபிள்யூ.

நள்ளிரவுரூட்:
அப்படியானால் சிப் ஜிஎஸ்எல்1680. டிரைவர்ஸ்டோர் நகலிலிருந்து எடுத்து லினக்ஸ் வடிவத்துக்கு மாற்றிய கோப்பை லிப், ஃபர்ம்வேர், சைலீட் ஃபோல்டரில் அதே பெயரில் வைத்து, சூடோ மாட்ப்ரோப் -ஆர் சைலீட், பிறகு சூடோ மாட்ப்ரோப் சைலீட். தொட்ட இடமும் பாயிண்டர் போகும் இடமும் பொருந்தாவிட்டால் பயப்படாதீர்கள், ஃபர்ம்வேர் சரியாகத்தான் ஏறியிருக்கிறது. திரையின் அளவும் அச்சுத் திருப்பமும் கெர்னலின் டச்ஸ்கிரீன்_டிஎம்ஐ பட்டியலில் உங்கள் மாடலுக்கு இல்லை என்று பொருள். டிமிடிகோட் வெளியீட்டில் சிஸ்டம், பேஸ்போர்டு பகுதிகளை மட்டும் ஒட்டுங்கள். சீரியல் எண்ணை நீக்கிவிட்டு.