கையெழுத்தின் அழுத்தத்தைத் திருட முடியாதா?

பூட்டுச்சாவி: "கையெழுத்தின் வடிவத்தைக் காப்பியடிக்கலாம், அழுத்தத்தை யாராலும் காப்பியடிக்க முடியாது. இனி கடவுச்சொல்லே வேண்டாம்" என்று மைத்துளி நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. போன வருடம் என் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு ஒரு கவுன்டரில், கையெழுத்தைச் சரிபார்க்கும் மின்பலகையில் கையெழுத்துப் போட்டேன். முதல் எழுத்தின் சுழியிலேயே பேனா நடுங்கி நின்றது. மூன்று முறை போட்டும் ஏற்கவில்லை. திருடனைத் தடுக்கும் என்ற அழுத்தம் என்னைத்தானே வெளியே நிறுத்தியது?

மைத்துளி: கை முறிந்தால் மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதானே! காகிதத்தில் இருப்பது வெறும் படம். மின்பலகை பேனாவின் வேகம், சாய்வு, அழுத்தம், தூக்கி வைக்கும் இடைவெளி எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது. பத்து வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிக் காப்பியடிப்பீர்கள்?

பூட்டுச்சாவி: பத்து வருடமா? அப்படியானால் 2004-இல் நடந்த முதல் சர்வதேசக் கையெழுத்துச் சரிபார்ப்புப் போட்டி தெரிந்திருக்குமே. பேனா நகர்ந்த தடத்தை மட்டும் தந்த பிரிவில், பழகிப் போட்ட போலிகளுக்கு எதிராக முதலிடம் பெற்றவரின் சமப்பிழை விகிதம் (போலியை ஏற்கும் பிழையும் நிஜத்தை மறுக்கும் பிழையும் சமமாகும் அளவு; குறைந்தால் நல்லது) 2.84 சதவீதம். அழுத்தமும் சாய்வும் சேர்த்துத் தந்த பிரிவில் 2.89. துளிகூடக் குறையவில்லை. உங்கள் அழுத்தம் எங்கே போனது?

இரவுப்பறவை: கைபேசியில் விரலால் கிறுக்குகிறோமே, அதில் அழுத்தம் சரியாகப் பதிவாகுமா?

மைத்துளி: அந்தப் போட்டியில் நிஜக் கையெழுத்தையே பயன்படுத்த வேண்டாம் என்றார்கள். புதிதாக உருவாக்கிய கையெழுத்தில் அழுத்தம் எப்படி நிலைக்கும்? அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து சண்டை போடாதீர்கள்.

பூட்டுச்சாவி: முழுதாகப் படித்தவன் நான்தான். நன்றாகப் பழகிய பிறகே போடச் சொன்னார்கள். நிஜக் கையெழுத்து ஏன் வேண்டாம் என்றார்கள்? தனியுரிமைக்காக! அங்கேயே விஷயம் இருக்கிறது. உங்கள் அழுத்தம் சர்வரில் வெறும் எண்களாகக் கிடக்கிறது. அந்த எண்கள் கசிந்தால், திருடியவன் பேனாவையே தொட வேண்டாம், அதே எண்களை மறுபடி அனுப்பி உங்கள் பெயரில் நுழைந்துவிடலாம்.

மைத்துளி: கசிந்தால் கையெழுத்தை மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்ற முடியுமா?

பூட்டுச்சாவி: கைரேகைக்கு ஏன் தாவுகிறீர்கள்? மாற்றிக்கொள்ளலாம் என்றால் அது இன்னொரு கடவுச்சொல்தான். அதைத்தானே வேண்டாம் என்றீர்கள்?

மைத்துளி: போன மாதம் முக அடையாள விவாதத்தில் தோற்ற கோபம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

இரவுப்பறவை: என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

பூட்டுச்சாவி: தோற்றேனா? நான் கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனது நீங்கள். இன்றும் அதே கதைதான். அழுத்தத்துக்கு வாருங்கள். 2.84, 2.89. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மைத்துளி: 2004-ஐ விட்டு வெளியே வாருங்கள், அப்புறம் பேசலாம்.

பூட்டுச்சாவி: அழுத்தத்துக்கு வாருங்கள்.