ராக்கி ஹாரர் இரவுகள்: உங்களுக்கு மனதை விட்டுப் போகாதது எது?

ஈஸ்ட்ஹாம்வாசி:
திரையில் ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ என்ற பாட்டுப் படம் ஓட, கீழே நடிகர்கள் அதையே நடிக்க, கூட்டம் பதில் வசனம் கத்தும். படத்தைப் பற்றி இங்கே யாருக்கும் இதற்கு மேல் சொல்ல வேண்டாம். லண்டனில் ஒரு சின்னத் தியேட்டர். திரைக்குக் கீழே நடிகர் குழு, படத்தில் டிம் கரி நடித்த ஃபிராங்க் வேடத்தில் ஒரு டிராக் கலைஞர், அதாவது பெண் அலங்காரத்தில் மேடையேறுபவர். கூச்சல், ‘டைம் வார்ப்’ பாட்டுக்கு எல்லாரும் எழுந்து ஆடியது, அதெல்லாம் எங்கும் நடப்பதுதான். கடைசியில் வரும் ‘ஐ’ம் கோயிங் ஹோம்’ பாட்டுதான் என்னை விடவில்லை. மேலே டிம் கரி பாடுகிறார், கீழே இவர் வாயசைக்கிறார். பாதியில் ஒலி போய்விட்டது. படம் மட்டும் ஓடுகிறது. இவர் ஒரு நொடி வெறும் உதட்டை அசைத்தார், அப்புறம் சொந்தக் குரலில் எடுத்துவிட்டார். மைக் கிடையாது. கரியைவிடக் கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். முதுகுக்குப் பின்னால் இருக்கும் திரையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் கரியின் உதடும் இவர் குரலும் ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. அந்தக் காட்சியில் கரிக்குக் கண்மை வழிந்திருக்கும். இவருக்கு வியர்வையில் தானாகவே வழிந்திருந்தது. இப்படிப் பாடத் தெரிந்தவர் ஏன் அதுவரை குரலை மூடி வைத்திருந்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இசார்கரை:
முனிக்கில் படித்தபோது மியூசியம் லிஷ்ட்ஷ்பீலே தியேட்டருக்குத் தனியாகப் போனேன். 1977இலிருந்து அங்கே இந்தப் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்வரிசையில் ஃபிராங்க் மாதிரி கோர்செட்டும் வலைக் காலுறையுமாக ஆண்கள், நான் ஸ்வெட்டரில். மழைக் காட்சி தொடங்கும் முன்பே பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா தன் செய்தித்தாளில் பாதியைக் கிழித்து என் தலையில் வைத்தார். எதற்கு என்று கேட்பதற்குள் பின்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. அவருக்கு என் அம்மாவைவிட வயது அதிகம் இருக்கும். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஈஸ்ட்ஹாம்வாசி, குரலை மூடி வைத்திருந்தார் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? வாயசைப்பே அவர்களுடைய கலை. ஒவ்வொரு மூச்சையும் மனப்பாடம் செய்திருந்ததால்தான் திரையைப் பார்க்காமல் பாட முடிந்தது.

பால்கனிடிக்கெட்:
டொராண்டோவில் பார்த்தேன். மேடையில் இருந்தவர் ஹை ஹீல்ஸோடு இறங்கி, இருக்கைகளின் கைப்பிடி மேலேயே நடந்து எங்கள் வரிசை வரை வந்தார். என் தோளைப் பிடித்துத்தான் திரும்பினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மற்றபடி நம்ம ஊர் முதல் நாள் முதல் காட்சிதானே? காகிதம் பறக்கிறது, விசில், வசனம் யார் காதிலும் விழாது.

நள்ளிரவு_ஜெர்சி:
பால்கனிடிக்கெட் தம்பி, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் நாள் காட்சியில் யாருக்கும் படம் தெரியாது. இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். கத்துவதும் வசனத்துக்கு மேலே அல்ல, இரண்டு வசனத்துக்கு நடுவில் விழும் இடைவெளியில். 1975இல் வந்தபோது படுத்த படம் இது. 1976 ஏப்ரலில் நியூயார்க் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவர்கள்தான் அந்த இடைவெளிகளை நிரப்பினார்கள். படத்தின் நாயகி ஜேனட் மழையில் தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து ‘குடை வாங்கு’ என்று ஒருவர் கத்தினாராம், ஆசிரியர் வேலை பார்த்தவர். அதுதான் ஆரம்பம் என்பார்கள். இசார்கரையின் தலையில் அந்த அம்மா வைத்ததும் அதே செய்தித்தாள்தான்.

என் கதை சின்னது. முதல் முறை வந்தவர்கள் யார் என்று கேட்டார்கள், கை தூக்கினேன், நெற்றியில் லிப்ஸ்டிக்கால் ‘வி’ போட்டார்கள், ‘வர்ஜின்’ என்பதன் முதல் எழுத்து, புதியவர்களை அப்படித்தான் சொல்வார்கள். போட்டவர் குனிந்து, ‘மேடைக்கு வர இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லு, உன்னைக் கூப்பிட மாட்டேன்’ என்று காதில் சொன்னார். அவ்வளவு இரைச்சலில் அதைக் கேட்கத் தோன்றியதே அவருக்கு.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். படத்தில் வரும் காட்சிக்கு ஏற்ப கூட்டம் பொருள்களை எறியும், காட்டும். அதற்காக அரிசியைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அரிசி, தண்ணீர்த் துப்பாக்கி, லைட்டர் மூன்றையும் பல தியேட்டர்களில் விடுவதில்லை. வாசலில் பொருள் பை விற்றால் அதையே வாங்குங்கள். டோஸ்ட் அனுமதித்தால் வெண்ணெய் தடவாமல் கொண்டு போங்கள், எதையும் திரையைப் பார்த்து எறியாதீர்கள். பதில் வசனங்களை வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டாம், ஊருக்கு ஊர் மாறும். முன்னால் நடிப்பவர்களில் பலர் காசு வாங்காமல் செய்பவர்கள். கூப்பிடாமல் தொடக் கூடாது. அரைகுறை உடையில் நிற்பதால் தொடலாம் என்று ஆகிவிடாது. முடிந்ததும் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பாப்கார்ன்_பெரியது:
ராக்கி ஹாரர் இல்லை, மன்னிக்கவும். சான் பிரான்சிஸ்கோவில் டிராக் கலைஞர் பீச்சஸ் கிரைஸ்ட் நடத்திய ‘ஷோகேர்ல்ஸ்’ படக் காட்சி. 1998இல் பிரிட்ஜ் தியேட்டரில் தொடங்கிய ‘மிட்நைட் மாஸ்’ வரிசையிலிருந்து வளர்ந்தது. பெரிய பாப்கார்ன் வாங்கினால் ஒரு டிராக் குயின் மடியில் ஆடுவார். என் மடிக்கும் ஒருவர் வந்தார். ஆடி முடித்ததும் என் பாப்கார்னில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, ‘காலையிலிருந்து சாப்பிடவில்லை கண்ணு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பையையே கொடுத்திருக்கலாம், எனக்கு அப்போது தோன்றவில்லை.

நள்ளிரவு_ஜெர்சி அக்கா, அறிவுரை நல்லதுதான். ஆனால் பதில் வசனம் பற்றி ஒத்துக்கொள்ள முடியாது. நாலைந்தாவது தெரிந்து போனால்தான் முதல் முறை போகிறவருக்குத் தனியாக நிற்கிற உணர்வு இருக்காது.

இசார்கரை:
எனக்கு ஒன்றுமே தெரியாது. தனியாக நிற்கவும் இல்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி, ஒலி திரும்பி வந்ததா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
வந்தது, பாட்டு முடிந்த பிறகு. தியேட்டர்காரர் ஓடி வந்து பின்னால் ஓட்டிப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.